பல்லக்கு இல்லாத வழி

ராஜபாளையத்தில் பஸ் ஏறியபோது தேவதானத்துக்குத்தான் டிக்கெட் வாங்கினேன். சேத்தூர் வந்ததும் எழுந்துவிட்டேன். "சார், உங்க ஊரு இன்னும் வரல. இது சேத்தூரு" என்று கண்டக்டர் தோளைத் தொட்டார். தெரியும், இங்கேயே இறங்கிக்கிறேன் என்றேன். அவரும் கூடவே இறங்கி, என்னை ரோட்டோரமாக நிறுத்தி, "கூப்பிட யாராவது வருவாங்களா?" என்று கேட்டு, பதில் வாங்கிக்கொண்ட பிறகுதான் விசில் ஊதினார். நல்ல மனிதர். பஸ் சத்தம் தேய்ந்ததும் மடக்குக் கோலை உதறி விரித்தேன். மலை எனக்கு வலது கைப்பக்கம். தை மாதத்துக் காலை வெயில் இடது கன்னத்தில் விழுந்தது. அன்று சாருக்குப் பதினாறாம் நாள்.

சாரின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் பேப்பரில் வருவதை உயிரோடு இருந்தபோதே அவர் விரும்பியதில்லை. வீட்டிலும் அப்படியே இருக்கட்டும் என்றார்கள். எங்கள் தெருவில் வாத்தியார்கள் நாலு பேர் உண்டு, கிராம அதிகாரி உண்டு. ஆனால் வெறுமனே "சார் வந்தாரா?" என்று கேட்டால் அது அவரைத்தான். இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப்போன வலது காலுக்கு இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி வைத்த காலிப்பர், கீழே கனத்த பூட்ஸ். நடக்கும்போது இடது செருப்பு ஒரு தட்டு. வலது பூட்ஸ் தரையைத் தேய்த்து இழுக்கும் ஒரு நீள ஓசை. உட்கார வேண்டுமென்றால் முழங்கால் பூட்டைத் தூக்கிவிடுவார். எழுந்து நின்றால் அது தானாக 'டக்'கென்று விழும். அந்த 'டக்' கேட்டுவிட்டால் பாடம் ஆரம்பம் என்று அர்த்தம்.

சேத்தூரிலிருந்து தேவதானத்துக்கு ஒரு மணி நேர நடை. இந்த ரோட்டில்தான் அவர் எனக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தார். பதின்மூன்று வயதுப் பையனுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்த கதை புரிய வேண்டுமானால் எங்கள் ஆச்சி சொன்ன கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

தேவதானத்துச் சுவாமிக்கு நச்சாடை தவிர்த்த லிங்கேஸ்வரர் என்று பெயர். அம்பாள் தவம்பெற்ற நாயகி. சோழ ராஜாவுக்கும் பாண்டிய ராஜாவுக்கும் தீராத பகை. சமாதானம் பேசுவதுபோல் சோழன் ஒரு பட்டாடை அனுப்புகிறான். அதில் விஷம் தோய்த்திருக்கிறது. சுவாமி பாண்டியனை அதிலிருந்து காத்துவிடுகிறார். நச்சு ஆடையைத் தவிர்த்த கதை ஊரில் எல்லோரும் சொல்வதுதான். ஆச்சி அதோடு நிறுத்தமாட்டாள். செய்த பாவத்துக்குச் சோழனுக்குக் கண் அவிந்துபோச்சு, அழுது புரண்டு வேண்டினான், ஒரு கண்ணு சேத்தூர்ல வந்துச்சு, இன்னொரு கண்ணு நம்ம தேவதானத்துல வந்துச்சு என்பாள். சேத்தூர்ச் சுவாமிக்குத் திருக்கண்ணீஸ்வரர் என்று பெயர் வந்ததும் அதனால்தானாம். ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லுகிற கதை இது. ஆச்சி சொன்ன மாதிரிதான் என் மனதில் நிற்கிறது. என் கண்ணுக்காக இரண்டு கோயிலுக்கும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அலைந்தவள் அவள்.

எனக்கு முதலில் ராத்திரியில்தான் தெரியாமல் போனது. மாலைக்கண் என்று முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலும் போட்டார்கள். அப்புறம் ஓரங்கள் போயின. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் செல்கள் விழித்திரையில் முதலில் சாகும், பிறகு மற்றவை ஒவ்வொன்றாகச் சாகும். அந்த நோய்க்கு அன்று மருந்து இல்லை. பத்து வயதில் பப்பாளித் தண்டு வழியாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன். கோயில் கோபுரத்தை முழுதாக ஒரே பார்வையில் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று ஞாபகமில்லை. ஒரு பொம்மையின் கை, ஒரு மாடத்து நிழல், ஒரு புறா என்று துண்டு துண்டாகப் பார்த்ததுதான் நினைவிருக்கிறது. பதின்மூன்று நிரம்பும்போது அந்தத் தண்டும் ஊசித்துளையாகிவிட்டது.

காட்டிய இடங்களில் ஒன்றில் ஒரு டாக்டர் அம்மாவிடம், "சொந்தத்துலயா கட்டிக்கிட்டீங்க?" என்று கேட்டார். அம்மா கட்டியது அவள் தாய்மாமனை. "அப்போ இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நோய்க்கும் ரத்த உறவுக் கல்யாணத்துக்கும் தொடர்பு இருக்கலாம்தான். அதைச் சொல்கிற விதம் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மா என்னைத் திண்ணையை விட்டு இறங்கவிடவில்லை. சாப்பாடு வரும், தண்ணீர் வரும், ஒன்றுக்குப் போக வேண்டுமானால் தம்பி கையைப் பிடித்துக் கூட்டிப் போவான். போகிறவர் வருகிறவர் எல்லோரும் "பாவம்யா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிரியத்தில்தான் சொன்னார்கள். அந்தப் பிரியத்தில் இரண்டு வருஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

1984 சித்திரையில் சார் வந்தார். மதுரையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் மறுவாழ்வுப் பணியாளர். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிராமங்கள் அவர் பொறுப்பில். திண்ணையில் வந்து உட்கார்ந்தார், முழங்கால் பூட்டைத் தூக்கினார். கண் எவ்வளவு தெரிகிறது, எப்போதிலிருந்து, என்ன மருந்து என்று எல்லோரும் கேட்கிற எதையும் கேட்கவில்லை. "தம்பி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்றார். அம்மா உள்ளே ஓடினாள். "நீங்க இருங்கம்மா. அவன்கிட்டதான் கேட்டேன்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. சுவரைத் தடவிக்கொண்டு போனேன், நிலைப்படியில் இடித்துக்கொண்டேன், பானையைக் கண்டுபிடித்து, செம்பில் மொண்டு, பாதியைச் சிந்தி, மீதியைக் கொண்டுவந்து நீட்டினேன், அவர் இல்லாத திசையில். "இங்கடா" என்றார். குரல் வந்த பக்கம் நீட்டினேன். முழுதும் குடித்துவிட்டு, "நாளைக்கும் வருவேன்" என்றார்.

ஆச்சி சோழன் கதையைச் சொன்னது அந்த வாரத்தில்தான். சுவாமி கண்ணைக் கொடுப்பார், அதற்குள் பிள்ளையை ஏன் படுத்துகிறீர்கள் என்ற தோரணையில் சொன்னாள். சார் முழுதும் கேட்டார். அவர் மரியாதையோடு கேட்டார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் குறுக்கே பேசவில்லை, இருமக்கூட இல்லை. முடிந்ததும், "ஆச்சி, கண்ணு போனதுக்கும் திரும்ப வந்ததுக்கும் நடுவுல ராஜா எப்படி நடந்தாரு?" என்று கேட்டார்.

"பல்லக்குல போயிருப்பாரு. ராஜால்லா."

"நம்ம பையனுக்குப் பல்லக்கு இல்லையே ஆச்சி."

ஆச்சி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள். அதற்கப்புறமும் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். ஆனால் அன்றைக்குப் பிறகு கையைப் பிடித்து இழுக்கவில்லை. என் கையை அவள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அப்படித்தான் பார்வையில்லாதவர் பிறரோடு நடக்க வேண்டும் என்று சார் காட்டியிருந்தார். பிடித்திருக்கும் முழங்கை ஏறினால் படி, இறங்கினால் பள்ளம். இழுத்துக்கொண்டு போனால் இது எதுவுமே தெரியாது.

அம்மாவை வழிக்குக் கொண்டுவரத்தான் நாளானது. வெள்ளைக் கம்பு என்றதும் அவள் அழுதாள். சங்கரன்கோவில் ஆடித்தபசு கூட்டத்தில் தகர டப்பாவோடு உட்கார்ந்திருப்பவர்கள் கையில் அவள் பார்த்த கம்பு அது. சாருக்கு ஆறுதல் சொல்லி வழக்கமில்லை, வேலை சொல்வார். "வீட்டுல எந்தச் சாமான் எங்க இருக்கோ, அது எப்பவும் அங்கயே இருக்கணும். கட்டிலை நகத்தினா அவன்கிட்ட சொல்லிட்டு நகத்தணும். கதவு முழுசாத் திறந்திருக்கணும், இல்ல முழுசா மூடியிருக்கணும், பாதியில நிக்கக்கூடாது. இந்த மூணையும் ரெண்டு மாசம் செய்ங்கம்மா, கம்பு பத்தி அப்புறம் பேசுவோம்." பாதி திறந்த கதவில் எத்தனை முறை நெற்றி வெடித்திருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியும். அவள் அதை ஒரு விரதம்போலக் கடைப்பிடித்தாள். இரண்டாவது மாதக் கடைசியில் நான் அடுப்படியிலிருந்து கொல்லைக் கிணறு வரைக்கும் எதிலும் இடிக்காமல் போய்வந்தேன். "அந்தக் கம்பைத்தான் கொண்டுவாங்களேன்" என்று அவளே சொன்னாள்.

மூங்கில் கம்பு. ஆசாரி அளவெடுத்து, என் நெஞ்சுக்குழி உயரத்துக்கு அறுத்து, இழைத்து, வெள்ளைப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். பையன் வழுக்கி விழக்கூடாதென்று அக்கறையாக அடியில் ரப்பரும் மாட்டியிருந்தார். சார் அதைக் கழற்றிவிட்டு இரும்புப் பூண் போடச் சொன்னார். "ரப்பர் போட்டா கம்பு ஊமையாயிரும்" என்றார். வலது கால் முன்னே போகும்போது கம்பின் நுனி இடது பக்கம் தட்ட வேண்டும், இடது கால் போகும்போது வலது பக்கம். அடுத்த அடி எங்கே விழப்போகிறதோ அந்த இடத்தைக் கம்பு முன்கூட்டித் தட்டிப் பார்த்துவிடும். இரண்டாம் உலகப்போரில் கண்ணிழந்த அமெரிக்கப் படைவீரர்களுக்காக, பின்னாளில் கண் மருத்துவரான ரிச்சர்ட் ஹூவர் 1944 வாக்கில் பென்சில்வேனியாவில் ஒரு ராணுவ மருத்துவமனையில் உருவாக்கிய முறை என்று பிற்பாடு படித்தேன். அதற்கு முன்பு கம்பு என்றால் ஊன்றிக்கொள்ளக் குட்டையாக ஒன்று, அவ்வளவுதான். நீளமாக்கியதும் அது விரலாகிவிட்டது. அந்த முறை சேத்தூர் ரோட்டுக்கு வர நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது.

விடியற்காலையில், ஆள் நடமாட்டத்துக்கு முன்னால் பழகிக்கொள்கிறேன் என்று கேட்டேன். சார் ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் பார்க்க வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்றைத்தான் முக்கியமாகச் சொன்னார்: சத்தம் இல்லாத நேரத்தில் காது எதைக் கற்றுக்கொள்ளும்?

அப்படித்தான் எனக்கு என் ஊர் இரண்டாவது தடவை கிடைத்தது. வீட்டு வரிசை முடிந்து ஒரு சந்து வந்தால், அதுவரை பக்கத்திலேயே வந்துகொண்டிருந்த என் கம்புச் சத்தம் சட்டென்று விலகிப்போகும். புளியமரத்துக்குக் கீழே போனால் தலைக்கு மேலே குளிர்ச்சி ஒரு துணிபோல விழுந்து எழும்; அதை வைத்து மரத்தை எண்ணலாம். ஆனி, ஆடியில் வலது காது நனைந்தால் தெற்கே போகிறேன், இடது காது நனைந்தால் வடக்கே போகிறேன். சாரல் மலையிலிருந்துதான் வரும். பம்புசெட் சத்தம், மாந்தோப்பில் சப்பட்டை பழுக்கும் வாசனை, அரிசி ஆலையின் தவிட்டு நெடி, ஓடைப்பாலத்தில் காலடி ஓசை மாறி உள்ளே குடைவாகக் கேட்பது. லாரி போனால் முதலில் காற்று தள்ளும், பிறகு இழுக்கும். அந்த இழுப்பில் அசையாமல் நிற்கப் பழகவே ஒரு மாதம் ஆனது. இரண்டு முறை வாய்க்காலில் விழுந்திருக்கிறேன். சார் தூக்கிவிடவில்லை. அவரால் குனிந்து தூக்கவும் முடியாது. "கம்பு எந்தப் பக்கம் விழுந்துச்சு? சத்தம் கேட்டியா?" என்றுதான் முதலில் கேட்பார்.

கோயிலுக்குக் கூட்டிப் போனதைச் சொல்ல வேண்டும். ரோட்டைவிட்டு மேற்கே, வயலும் தோப்புமாக மலையைப் பார்த்துப் போகிற பாதை. தென்பாண்டி நாட்டுப் பஞ்சபூதத் தலங்களில் ஒன்று அது. சங்கரன்கோவில் மண், தாருகாபுரம் நீர், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். சிவராத்திரியன்று ஐந்தையும் சுற்றிவருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. மண்ணைத் தொடலாம், நெருப்பு சுடும், ஆகாயத்தை என்ன செய்வது என்று சின்ன வயதில் ஆச்சியிடம் கேட்டிருக்கிறேன். நிமிர்ந்து பாருடா என்பாள். சார் என்னைப் பிரகாரத்தில் நிறுத்தி, "கை தட்டு" என்றார். தட்டினேன். "இன்னும் நாலு எட்டு வந்து தட்டு." தட்டினேன். "இப்போ?" முதல் தட்டல் தலைக்கு மேலே எங்கோ இடித்துத் திரும்பி வந்தது. இரண்டாவது திரும்பவில்லை; போய்க்கொண்டே இருந்தது. "மேல கூரை இல்ல சார்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் திரும்ப மண்டபத்துக்குள் போனேன், தட்டினேன், வெளியே வந்தேன், தட்டினேன். எத்தனை தடவை என்று தெரியாது. யாரோ ஒரு பெரியவர் சத்தம் போட்டார். சார் அவரிடம் போய்ப் பேசிச் சமாளித்தார்.

ஐந்து பூதங்களுக்கும் ஒவ்வொரு குணம் சொல்வார்கள். மண்ணுக்கு மணம், நீருக்குச் சுவை, நெருப்புக்கு ஒளி, காற்றுக்கு ஊறு, ஆகாயத்துக்கு ஓசை. கல்லூரியில் தமிழ் படிக்கும்போது இதை வாசித்துக் காட்டிய நண்பனை நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொன்னேன். ஆகாயத்தைக் காதால் அறியலாம் என்று நம் ஆட்கள் எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அதைத் தேவதானத்துப் பிரகாரத்தில் கை தட்டிக் கற்றுக்கொண்டேன். சுவர் நெருங்குவது கன்னத்தில் தெரிகிறது என்று பார்வையற்றவர்கள் வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். முகத்தால் பார்க்கிறார்கள் என்றே நினைத்திருந்தார்கள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முகத்தை மூடிச் சோதித்தார்கள், சுவர் தெரிந்தது. காதை அடைத்தார்கள், நேரே போய் முட்டிக்கொண்டார்கள். 1944இல் வெளிவந்த ஆய்வு அது. எனக்கும் கன்னத்தில்தான் தெரிகிறது. காதுதான் கேட்கிறது என்று அறிவு சொல்கிறது. கன்னம் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

சார் அடிக்கடி சொல்லும் இரண்டு பேர் உண்டு. ஒருவர் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி. 1918இல் எட்டயபுரத்துக்குப் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்தவர். எங்கள் கரிசல் பக்கத்து மனிதர். ராணுவ மருத்துவராக இருந்தபோது முடக்குவாதம் வந்து, விரல்கள் கோணி மடங்கி, வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். அந்த விரல்களோடு கத்தி பிடிக்க மறுபடி பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். ஐம்பத்தெட்டு வயதில் அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கையோடு தொடங்கியதுதான் அரவிந்த். குறைந்த செலவில் நிறையப் பேருக்கு எப்படிச் செய்தார் என்று உலகம் முழுவதும் அவரைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். சார் சொல்வது அதைப் பற்றியல்ல. ஒரு கிராமத்து முகாமில் அவர் கைகளைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறார் சார். அந்தக் கைக்குத் தகுந்தாற்போல் கருவியை மாற்றிக்கொண்டார் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தால் ஒரு கண்கூடத் திறந்திருக்காது என்பார். ஆசாரி மாட்டிய ரப்பரைச் சார் கழற்றியதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இன்னொருவர் ஆய்க்குடி ராமகிருஷ்ணன். கடற்படை அதிகாரி தேர்வுக்காக 1975இல் பெங்களூர் போன இன்ஜினீயரிங் மாணவர். தேர்வில் ஒரு தடையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981இல், ஐ.நா. ஊனமுற்றோர் ஆண்டில், தென்காசிக்குப் பக்கத்தில் தன் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை தந்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை அதற்கு வைத்தார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சார் மாதம் ஒருமுறையாவது தென்காசி பஸ் பிடித்து ஆய்க்குடி போய்விடுவார். போய்வந்தால் அன்றைக்கு அவர் பூட்ஸ் சத்தம்கூட வேகமாக இருக்கும். படுத்த இடத்திலிருந்து ஒரு மனிதன் ஊரையே நடத்திக்கொண்டிருக்கிறான், நீ கம்பு கனக்குதுங்கிறயே என்பார்.

கண் அறுவை செய்தால் பார்வை திரும்பும் ஆட்களைச் சார் முகாமுக்கு அனுப்பிவிடுவார். புரை விழுந்த கிழவர்கள் கண்ணாடியோடு திரும்பி வந்து அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்ததெல்லாம் உண்டு. ஆனால் அவர் வேலை திரும்பாதவர்களோடுதான். டாக்டர் கையை விரித்த இடத்தில் அவர் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்பார்.

அவரால் முடியாமல் போனதும் உண்டு. கீழத்தெருவில் பிறவியிலேயே காது கேட்காத ஒரு பெண். எங்கள் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டை ஒன்றும் தூரமில்லை. பிளாரன்ஸ் சுவைன்சன் பெயரில் காது கேளாதோர் பள்ளி அங்கே 1895இலிருந்து இருக்கிறது. பெண்பிள்ளையை விடுதிக்கு அனுப்பமாட்டோம் என்றார்கள் வீட்டில். சார் ஐந்து வருஷம், மாதம் தவறாமல், அந்த வீட்டு வாசலுக்குப் போனார். கடைசியில் கதவையே சாத்திவிட்டார்கள். அதற்குப் பிறகும் அந்தத் தெரு வழியாகத்தான் நடப்பார். சுற்று வழி, காலுக்கு வலி, ஆனாலும் அதே வழி. ஒருதடவை ஏன் சார் என்று கேட்டதற்கு, "வாசல்ல அவ இருந்தா கையை ஆட்டுவாடா" என்றார். அவளுக்குச் சைகை மொழி தெரியாது. வாழ்நாள் முழுக்க அவளோடு பேசியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இதைச் சொல்லும்போது சார் குரல் அடைக்கும். கோபக்காரர் வேறு. ஸ்ரீவில்லிபுத்தூரில் சான்றிதழ் வாங்க நாள் முழுக்க வரிசையில் நின்ற அன்று, ஒரு அலுவலகத்து மேஜையில் தன் காலிப்பரைக் கழற்றி வைத்துவிட்டு, இதைப் பார்த்த பிறகும் ஊனம் இருக்கிறதா என்று கேள்வியா என்று சத்தம் போட்டார். பிறகு காலிப்பர் இல்லாமல் அவரால் நகர முடியவில்லை. அதை எடுத்து மாட்டிவிட்டது நான்தான். வார், கொக்கி, பூட்டு எல்லாம் என் விரலுக்குத் தெரியும்.

என்னைப் பாளையங்கோட்டைப் பார்வையற்றோர் பள்ளிக்கு அனுப்பியது அவர்தான். ஆன் ஆஸ்க்வித் என்ற ஆங்கிலப் பெண்மணி 1890இல் தொடங்கிய பள்ளி. நாட்டிலேயே பழமையானவற்றில் ஒன்று. பதினாலு வயதில் சின்னப்பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆறு புள்ளிகளைத் தடவினேன். எழுதும்போது வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் புள்ளிகள் புடைத்து நிற்கும். நம் மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951இல் பாரதி பிரெய்லை ஏற்றுக்கொண்டார்கள். தமிழ் 'க'வுக்கும் இந்தி 'க'வுக்கும் அதில் ஒரே புள்ளிகள். முதல் கடிதத்தைச் சாருக்குத்தான் எழுதினேன். அவருக்குப் பிரெய்ல் தெரியும் என்பதை அவர் விரலால் தடவி, திக்கித் திக்கி வாசித்ததாக அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கண் தெரிகிற மனிதர், பார்த்தே வாசித்திருக்கலாம்.

அப்புறம் நான் கல்லூரி போனதும், இட ஒதுக்கீட்டில் தமிழாசிரியர் வேலை கிடைத்ததும் நீண்ட கதை, இங்கே வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஊருக்கு வந்தபோது, பழைய ரோட்டில் ஒருதரம் நடந்துபார்ப்போம் என்றார் சார். சேத்தூரில் இறங்கினோம். நான் பேசிக்கொண்டே நடந்தேன். ஓடைப்பாலம் தாண்டிய பிறகுதான் பின்னால் பூட்ஸ் சத்தம் இல்லை என்று உறைத்தது. திரும்பி ஓடாத குறையாகப் போனேன். பாலத்துக் கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "உன் வேகத்துக்கு என் கால் வராதுடா" என்றார். தோளில் கை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். எனக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவரிடம் அதைச் சொல்ல நாக்கு கூசியது. அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பூட்டு 'டக்'கென்று விழுந்தது. கை என் தோளில் விழுந்தது. ஊர் வரைக்கும் எடுக்கவில்லை. வழியில் பார்த்தவர்கள் யார் யாரைக் கூட்டிப்போகிறார்கள் என்று கேட்டிருப்பார்கள். உதவி செய்யப் பழகியவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். கூச்சமில்லாமல் உதவி வாங்கிக்கொள்வதை நான் பார்த்தது அவரிடம் மட்டும்தான்.

சொட்டு மருந்து நாளென்றால் முகாம் முகாமாகப் போய் உட்கார்ந்துவிடுவார். 1995இலிருந்து ஒரு வருஷம் தவறியதில்லை. குழந்தையைத் தூக்கிவரத் தயங்கும் தாய்மார்களிடம் ஒன்றும் பேசமாட்டார், எழுந்து நாலடி நடந்து காட்டுவார். நாட்டில் கடைசியாக ஒரு குழந்தைக்கு இயற்கை வைரஸால் போலியோ வந்தது 2011 ஜனவரியில், வங்காளத்து ஹவுராவில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்த அன்று ராத்திரி எனக்குப் போன் செய்தார். "என் சத்தத்தை நல்லா ஞாபகம் வச்சுக்க. இனிமே இந்த ஊர்ல வேற எவன்கிட்டயும் அது கேக்காது" என்றார். நான் அவ்வளவு சந்தோஷமாக அவர் குரலைக் கேட்டதேயில்லை.

அந்தப் பேச்சை நினைத்துக்கொண்டே பதினாறாம் நாள் காலையில் நடந்தேன். புளியமரங்கள் பல இல்லை; எண்ணிக்கை தப்பிப்போனது. வண்டிகள் அதிகம், வேகமும் அதிகம். பாலம் மட்டும் காலுக்குக் கீழே பழைய மாதிரியே குடைவாகக் கேட்டது. கைப்பிடிச்சுவரைக் கோலால் தேடி, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனேன்.

வீட்டு வாசலிலேயே பந்தலின் நிழல் முகத்தில் பட்டது. மூன்று சக்கர வண்டிகளின் சங்கிலிச் சத்தம், ஊன்றுகோல்கள், எங்கோ ஒரு பையன் கை தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது. சாரின் வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "போன் பண்ணியிருந்தா பஸ் ஸ்டாப்புக்குப் பிள்ளைகளை அனுப்பியிருப்பேனேப்பா."

"சேத்தூர்லயே இறங்கி நடந்து வந்தேன்க்கா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"பாலம் இருக்கா?"

"இருக்குக்கா. ஒரு பக்கம் சுவர் இடிஞ்சிருக்கு. உக்கார இடம் இருக்கு."